வேட்டிக்கு அந்தப் பக்கம்

பயமுறுத்துவதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், கைக்குழந்தையைக் குப்புறப் போட்டு எடுக்கும் படம், சில சமயம் செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுக்கும் படம், இவ்வளவுதான் தொழில். மிச்ச நேரத்தில் பேய்ப்படங்களாகப் பார்த்துத் தள்ளுவேன். பார்த்துவிட்டு வந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று வீட்டில் யாரையாவது அலற வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அண்ணி கையில் இருப்பதை என் மேல் வீசுவாள். என் மனைவி மட்டும் நன்றாக அலறிவிட்டு, பிறகு என்னோடு சேர்ந்து சிரிப்பாள். அதனால் அவளைத்தான் அதிகம் பயமுறுத்தினேன்.

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, அவளுக்கு ஏழாவது மாதம். அவளுக்கு அம்மா கிடையாது. தம்பியைப் பெறும்போது போய்விட்டாள். தாய்வீடு என்று போக இடமில்லாததால் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முன்பே பேசி முடித்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் என் நண்பனின் கைக்கு ஒரு சினிமா கேமரா வந்தது. நண்பன் நயினார் வீட்டுக்காரன், சமணக் குடும்பம். ஊரில் நிலம், டவுனில் நெல் மண்டி. அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது எட்டு எம்.எம். கேமராவும், படம் போட்டுக் காட்டுகிற புரொஜெக்டரும், மூன்று சுருள் ஃபிலிமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஒரு சுருள் நாலு நிமிஷம்கூட ஓடாது, சத்தமும் கிடையாது. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு சுருளில் என் மனைவியின் வளைகாப்பு, மற்ற இரண்டிலும் ஒரு பேய்ப்படம் என்று முடிவு செய்தோம்.

பேய்ப்படம் எடுக்க எங்களிடம் விளக்கு இல்லை, மேக்கப் இல்லை, பேயாக நடிக்க ஆளும் இல்லை. நண்பனுக்கு வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒத்திகை பார்த்தோம். வெளுக்கப் போட்ட துணி எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்த பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பேயைக் காட்டவே வேண்டாம். படம் எடுத்தது நாங்கள் என்றும் சொல்ல வேண்டாம். மெட்ராஸில் பழைய சாமான் கடையில் ஒரு கேமரா வாங்கினோம், உள்ளே கழுவாத சுருள் ஒன்று கிடந்தது, எடுத்தவன் யார் என்று தெரியவில்லை, அவன் என்ன ஆனான் என்றும் தெரியவில்லை. இப்படி ஒரு புளுகை முதலில் அவிழ்த்துவிட்டு அப்புறம் படத்தை ஓட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எங்கள் குறையெல்லாம் நிறையாகிவிடும். கை நடுங்கினால் கேமரா வைத்திருந்தவன் பயந்திருக்கிறான் என்று அர்த்தம். இருட்டாக விழுந்தால் அவன் போன இடம் அப்படி. காட்டாமல் இருப்பதற்குத்தான் செலவே கிடையாதே.

தென்னேரிக்கு மோட்டார் சைக்கிளில் போய், ஏரிக்கரை ஓரம் பாழாய்க் கிடந்த பம்புசெட்டு ரூமைப் பிடித்தோம். கதவில்லாத வாசல், உள்ளே இருட்டு. அந்த வாசலை மட்டும் அசையாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்தேன். நண்பனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"இன்னாடா, ஒண்ணுமே இல்லாததைப் போய் எடுத்துக்கினு இருக்கற?"

ஒன்றும் இல்லாத இடத்தை ரொம்ப நேரம் காட்டினால், பார்க்கிறவன் சும்மா இருக்கமாட்டான், அங்கே தானாக எதையாவது கொண்டுவந்து வைப்பான் என்றேன். எப்போதும் பார்க்கிற ஒரு சாதாரண சாமானைக் காட்டி, அதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தப்பாக இருக்க வேண்டும், ஏன் தப்பாக இருக்கிறது என்று கடைசிவரை சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். அதற்காக ஒரு மண்குடத்தை முதலில் வாசலுக்கு வெளியே வைத்து எடுத்து, அப்புறம் உள்ளே வைத்து எடுத்தேன். கடைசியில் கேமரா கீழே விழுந்து புல்லையும் ஒரு எறும்பையும் எடுத்தபடி ஓடி முடிந்துபோகும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வளைகாப்புச் சுருளில் இந்த மாதிரி வித்தை எதுவும் கிடையாது. பகல் வெளிச்சம் விழுகிற முற்றத்தில் அவளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். அரக்குக் கலர் பட்டு, கழுத்தில் மாலை. ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கடைசியில் அம்மாவும் அண்ணியும் ஆரத்தி சுற்றினார்கள். அம்மா கேமராவைப் பார்த்ததும் தாம்பாளத்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டு அத்தை வாயில் லட்டோடு மாட்டிக்கொண்டாள். சுருளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுநாள் காலை, கூடத்துத் தறியில் அண்ணன் நெய்ய, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கரை இழைக்கு நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுப்பதை எடுத்துச் சுருளை முடித்தேன். அவ்வளவுதான். ஆசையாக எடுத்த படம்.

மூன்று சுருளையும் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினோம். கழுவி வர மூன்று வாரம் ஆயிற்று.

படம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. இருட்டின பிறகு போடலாம் என்றால் நண்பன் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும், சமணர் வீட்டு வழக்கம் அது. தறி போட்ட எங்கள் கூடம் கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டுதான். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, பின்கதவையும் சாத்தினோம். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த வாசற்படியில் என் மல் வேட்டியை இழுத்துக் கட்டினோம். அதுதான் திரை. அண்ணனும் பெரியப்பாவும் தெரு ஆண்கள் பத்துப் பதினைந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தறி பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் பெண்களுக்கு இடமில்லை. மாமனார், மச்சினன் முறை உள்ளவர்களோடு இடித்துக்கொண்டு உட்காரவும் அவர்களுக்குக் கூச்சம். புரொஜெக்டர் வெளிச்சத்தைச் சரிபார்க்கும்போது பின்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"இந்தப் பக்கமும் நல்லா தெரியுதுபா. நாங்க இங்கியே உக்காந்துக்கறோம்."

மெல்லிய வேட்டி, படம் ஊடுருவி அந்தப் பக்கமும் விழுந்தது. ஒரு மெஷினில் இரண்டு தியேட்டர் நடத்துகிறேன் பார் என்று நண்பனிடம் பீற்றிக்கொண்டேன்.

முதலில் வளைகாப்பு. அம்மா தாம்பாளத்தோடு ஓடியபோது கூடமே சிரித்தது. எதிர்வீட்டு அத்தை லட்டோடு வந்தபோது அவள் புருஷன் தறிக்கட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரியப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அடுத்தது பேய்ப்படம். பழைய சாமான் கடைக் கதையை நண்பன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னான். வாசல் வந்தது. பத்து நொடி ஆகியிருக்கும்.

"இது நம்ம தென்னேரி பம்புசெட்டு ரூமுதானே?" என்றார் ஒருவர்.

அதோடு முடிந்தது. யார் அந்தக் குடத்தை நகர்த்தினது, எறும்புக்கு எவ்வளவு சம்பளம் என்று ஆளாளுக்குக் கிண்டல். எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு சிரிப்பு இல்லை, ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. பெண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த இடம் அது.

படம் முடிந்து வேட்டியை விலக்கிப் பார்த்தேன். பின்கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒருக்களித்திருந்தது. பாதிப் பேர் போய்விட்டார்கள். இருந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி சுவரில் சாய்ந்து, முந்தானையைத் தோளில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆண்களிடம் தோற்ற படம் பெண்களிடம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அதன் பிறகு பத்து நாள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்தேன். பேயே இல்லாத படத்தைக் காட்டிப் பதினைந்து பெண்களை வாயடைக்க வைத்தவன் நான். வீட்டில் நடந்ததை அதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா வாசலில் பூசணிக்காய் உடைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் என் மனைவியை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் மூன்று சுற்று வலம் வர வைத்தாள். அந்த அரக்குப் பட்டு கொடியிலிருந்து காணாமல் போனது, எங்கே என்று நான் கேட்கவில்லை. அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள், அதற்கும் பேய்ப்படம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று தினமும் என்னைத் தொல்லை பண்ணிய என் மனைவி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஒருநாள் அவள் காலைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. என்ன இது என்றதற்கு வெயில் காலம் இல்லையா என்றாள். நானும் ஆமாம் என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படம் போட்ட இருபதாம் நாள் காலை எட்டு மணிக்கு, கிணற்றடியில் அவளுக்கு ஜன்னி கண்டது. கை கால் வெட்டி இழுக்க, கண் மேலே செருக, வாயில் நுரை. அம்மா போட்ட கூச்சலில் நண்பனுக்கு யாரோ ஆள் அனுப்பி, அவன் மண்டி வேனை நெல் மூட்டையோடு கொண்டுவந்து நிறுத்தினான். மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு அவளைக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். டாக்டரம்மா அவள் முகத்தையும் காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எத்தனை நாளாக வீக்கம், தலைவலி உண்டா, கண் மங்குகிறது என்று சொன்னாளா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரத்தக் கொதிப்பு தலைக்கேறியிருக்கிறது, ஒரு வாரம் முன்னால் தலைவலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, பெண்டாட்டி வாயைத் திறந்து சொல்லமாட்டாளா, நீ கேட்கமாட்டாயா என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனாள். பெரிய உயிரா சின்ன உயிரா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள்.

வராந்தாவில் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். நான் போய் நின்றதும், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"தலவலின்னு எங்கிட்ட சொன்னாபா. உங்கிட்ட சொல்லுன்னேன். தலயில எழுதியாச்சு, சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னா. நாங்க எல்லாந்தான் படத்துல பாத்தமே."

என்ன பார்த்தீர்கள் என்றேன். அவள் விக்கி விக்கிச் சொன்னாள். படத்தில் எல்லாருடைய முந்தானையும் வலது தோளில் கிடந்ததாம். எங்கள் தெருவில் செத்தவளைக் குளிப்பாட்டிக் கடைசிப் புடவை கட்டும்போது மட்டும்தான் முந்தானையை அப்படி மாற்றிப் போடுவார்கள். எல்லாரும் இடது கையால் சந்தனம் பூசினார்களாம். அம்மாவும் அண்ணியும் ஆரத்தியை இடமாகச் சுற்றினார்களாம், பிணத்தைச் சுற்றிவருகிற மாதிரி. அண்ணி தறியில் அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாளாம், பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் உட்காராத பக்கம். வலக்கரை எது இடக்கரை எது என்று நாள் முழுக்கப் பார்த்துக் கண் பழகிப்போன பெண்கள். வேறு ஊரில் இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. இவர்கள் பதினைந்து பேருக்கும் முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நேரில் எல்லாம் சரியாகத்தான் செய்தோம், நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று ஆண்களிடம் மூச்சு விடவில்லை.

எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. பைத்தியமா இவர்களுக்கு என்று கோபம்தான் வந்தது. கூடத்தில் நான் பார்த்த படத்தில் அம்மா ஆரத்தியை வலமாகத்தானே சுற்றினாள். அப்புறம்தான் வேட்டி ஞாபகத்துக்கு வந்தது.

நான் போட்டோக்காரன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஒருமுறை அப்படி ஒரு கல்யாணப்பெண் படத்தை மாற்றி அடித்துக் கொடுத்து, என் பெண்ணைப் பிணமாக்கிவிட்டாயே என்று அவள் அப்பா கடைக்கே வந்து என் சட்டையைப் பிடித்திருக்கிறார். அவ்வளவும் தெரிந்த நான் பெண்களை வேட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, இரண்டு தியேட்டர் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சுருளில் ஒரே ஒரு கடைப் பெயர்ப்பலகை இருந்திருந்தால்கூட, எழுத்து இடம் வலமாய் மாறியிருப்பதைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒருத்தி சொல்லியிருப்பாள்.

அண்ணியிடம் சொன்னேன். வெளிச்சம், லென்ஸ் என்று நான் உளறியது எதுவும் அவளுக்கு ஏறவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பொடவய பின்பக்கமா திருப்பிப் போட்டா கரை மாறிடுமே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பம்புசெட்டு வாசலில் ஒரு நிமிஷம் வீணாக்கி நான் தேடியது என் வீட்டுப் பின்கட்டிலேயே நடந்திருக்கிறது. சாதாரண சாமான், ஒரே ஒரு தப்பு, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கையில் அடங்குகிற அளவு, ஆனால் அழுதது. தாய்க்கு நினைவு வரவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். நண்பன் மண்டியைத் திறக்காமல் என்னோடு உட்கார்ந்திருந்தான். அந்த இரண்டு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தாள். குழந்தையைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நர்ஸ் பேசக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல், நான் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். வேட்டி மெல்லிசு, படம் ஊடுருவியது, அந்தப் பக்கம் வலது இடதாகும், இடது வலதாகும், உனக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எல்லாம் என் முட்டாள்தனம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடாமல் கேட்டாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. முடித்த பிறகு, கேட்டது போதும் என்கிற மாதிரி என் கையை அழுத்தினாள்.

"அந்தப் பக்கம் வேற மாதிரி தெரிஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்களும் அதையேதான் பாத்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன். உங்கம்மா எனக்கு இடமா சுத்தறாங்க, அந்தப் பக்கம் நீங்க எல்லாரும் சிரிக்கறீங்க. உங்க சிரிப்பு தனியா கேட்டுது. இவருக்கே தெரிஞ்சி சிரிக்கறாருன்னா, நான் தலவலின்னு யார்கிட்ட போயி சொல்றதுன்னு விட்டுட்டேன்."

குழந்தை முனகியது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது நாள் அவள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். தான் சாகப்போவதைப் பார்த்துச் சிரித்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டே, தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.